எந்த ஒடெஸா?

முதியோர் இல்லத்து அலுவலகத்தில் ஏசி உறுமுகிறது. வேலைக்கென்றே வாங்கிய வெள்ளை ஷூ விரல்களைக் கடிக்க, ஒடெஸா டான்ட்ஸ்லர் நாற்காலியை விட்டு எழுவதாயில்லை. "திருட்டு கேஸ்ல நீங்க இப்போ ஜெயில்ல இருக்கறதா கம்ப்யூட்டர்ல வருதும்மா. வேலை தர முடியாது," என்கிறாள் மேலாளர் கோர்ட்னி, திரையைப் பார்த்தபடியே. தெற்குக் கரோலினாவின் இந்த ஊரில் கறுப்பர்களில் பாதிப்பேர் டான்ட்ஸ்லர்கள்தான். முன்னோர்களை விலைக்கு வாங்கிய பருத்திப் பண்ணைக்காரன் எல்லார்மேலும் தன் பெயரை ஒட்டிவிட்டுப் போனான். அதில் எந்த ஒடெஸா திருடினாளோ! சன்னல் வெயில் தொலைபேசியில் மின்னுகிறது. ஒடெஸா அதைக் கோர்ட்னி பக்கம் தள்ளுகிறாள். "அப்போ ஜெயிலுக்குப் போன் போடு, கண்ணு. ஒருத்தி தப்பிச்சு வந்து உன் எதிர்ல உக்காந்திருக்கான்னு சொல்லு. அங்க ஒரு ஒடெஸா குறையுதான்னு எண்ணிப் பாக்கட்டும். அதுவரைக்கும் நான் நகரமாட்டேன்." கால்மேல் கால் போட்டுக்கொள்கிறாள். கோர்ட்னி இப்போதுதான் திரையை விட்டு அவள் முகத்தைப் பார்க்கிறாள்.