முளைவிட்ட நெல்

கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்த நெல், மூன்று நாள் மழையில் முளைவிட்டிருந்தது. வைரக்கண்ணு ஒரு கை அள்ளி, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மகள் இசைவாணியிடம் காட்டினார்.

“இங்க ஒரு கொட்டகை போடப் பணமில்லையாம். ரவுண்டானாவுல கலர் கலரா தண்ணி பீய்ச்ச மட்டும் வரிப்பணம் இருக்கு. எவன் கையெழுத்துப் போட்டானோ.”

இசைவாணி தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

“நீயும் ஆபீசர்தானேம்மா. அந்த ஃபைல் உங்கிட்ட வந்திருந்தா, கொட்டகைக்குத்தானே போட்டிருப்ப?”

அவளால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு கோப்புகளுமே அவள் மேசைக்குத்தான் வந்தன. சொந்த ஊருக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து, கொட்டகையை ஒதுக்கிவிட்டு நீரூற்றுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.