பதினெட்டு நாள் தந்தி

வெந்துகொண்டிருந்த சாமைச் சோற்றைப் பானையோடு தூக்கிப்போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள் பச்சையம்மா.

கோபால்சாமிக்குத் திக்கென்றது. கொஞ்ச நேரம் முன்னால் இவள்தானே, "மெட்ராஸ்லேர்ந்தே நடந்து வந்தீங்களா சார், கால் இப்படி வீங்கிக் கெடக்குது? குந்துங்க, ஒரு வாய் சாப்ட்டுப் பேசலாம்" என்று சிரித்தாள்?

அதற்குள் அவர் வந்த சேதியைச் சொல்லிவிட்டார்.

கோபால்சாமி பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் உதவிப் பிரிவுக்கு அதிகாரி. கென்யாவிலிருந்து படிக்க வந்த வாஞ்சிரு, சாமைப் பயிரை ஆராய்ச்சி செய்ய ஆறு மாதமாக இந்த ஜவ்வாது மலையில் பச்சையம்மா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி. அதைச் சொல்லத்தான் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டிறங்கி ஆறு மைல் நடந்து வந்திருந்தார்.

"எப்ப சார் தந்தி வந்துச்சு?" என்றாள் வாஞ்சிரு. இந்த ஊர்ப் பேச்சே அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்துதாம்மா."

பொய். வந்து பதினெட்டு நாளாகிறது. அவர் மேஜையில் ஸ்காலர்ஷிப் பாரங்களுக்கு அடியில் கிடந்தது. முந்தாநாள்தான் கண்ணில் பட்டது.

"குடுங்க சார், பாக்கறேன்."

"அது ஆபீஸ் ஃபைல்ல இருக்கும்மா."

"இன்னிக்கே கெளம்புனா எங்கம்மா மொகத்தப் பாத்துடலாமா?"



"பாக்கலாம்மா. ஏற்பாடு பண்ணத்தானே நாங்க இருக்கோம்."

வாஞ்சிரு பச்சையம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். "எங்கப்பா வெச்சிருப்பாருக்கா. நான் போவாம எடுக்க மாட்டாரு."

அவள் அழுது ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்த பச்சையம்மா, பிறகு எழுந்தாள். நேராகப் போய்ப் பானையை இறக்கினாள், கொட்டினாள். அப்புறம் தன் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏதோ குசுகுசுவென்று சொன்னாள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கோபால்சாமி ஒரு காகிதத்தை எடுத்து வாஞ்சிருவிடம் நீட்டினார்.

"ஒரு கையெழுத்தும்மா. சும்மா, ஆபீஸுக்கு."

'செய்தி எனக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட்டது' என்று டைப் அடித்திருந்தது. அவள் படிக்கவில்லை. "எங்க சார் போடணும்?" என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஒரு மணிக்கே நடையைக் கட்ட வேண்டும். விடிகாலை போளூரில் குடித்த டீயோடு சரி, வயிறு காந்தியது. அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா?"

"இல்லீங்க."

அதற்கடுத்த வீட்டிலும் அதே பதில். மரத்தடியில் கலப்பை செதுக்கிக்கொண்டிருந்த சின்னதம்பி என்ற ஊர்க்காரனிடம் போய் சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டார்.

"இன்னிக்கு நெருப்பு யாரும் தர மாட்டாங்க சார்" என்றான் அவன், நிமிராமலே.

"மலையேறி வந்தவனுக்கு நெருப்புகூடவா பஞ்சம்?"

எங்கேயோ ஒரு குழந்தை, "அம்மா, கூழு" என்று இழுத்து இழுத்து அழுதது. "வாய மூடிக்கினு படு" என்று ஓர் அடி விழுந்த சத்தம்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேற்று நாட்டுக்காரி, அவள் வீட்டில் சாவு. தீட்டு, அபசகுனம் என்று ஊரே ஒதுக்குகிறது. ஆறு மாதம் அவளோடு ஒரு பானையில் தின்றவர்கள்! நினைக்க நினைக்கக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, தம்மைவிடக் கேடு கெட்டவர்களும் உலகத்தில் உண்டு என்பதில் உள்ளூர ஒரு நிம்மதி.

ஒரு மணிக்கு வாஞ்சிரு பையோடு வெளியே வந்தாள். பச்சையம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். மடியில் குழந்தை பால் வராத மார்பைச் சப்பிச் சப்பி விட்டுவிட்டு அழுதது.

கோபால்சாமியால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, பெத்தவளப் பறிகொடுத்துட்டு நிக்குது இந்தப் பொண்ணு. ஒரு வாய் கஞ்சி ஊத்த மனசு வரலியா உனக்கு? இருந்த சோத்தையும் மாட்டுக்குக் கொட்டுற. வெறும் வயித்தோட ஆறு மைல் எப்படி நடக்கும் அது? ஊர்ல ஒருத்தருக்குக்கூடவா ஈரம் இல்ல?"

பச்சையம்மா குனிந்த தலை நிமிராமல் குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பேச வெட்கப்பட்டவள் போல மெல்லத்தான் சொன்னாள்.

"இன்னா சார், படிச்சவங்க இப்படிக் கேக்கறீங்க. வாஞ்சியோட அம்மா அங்க இன்னும் எடுக்காம கெடக்கறப்ப, இங்க எப்படி சார் அடுப்பு மூட்டறது? எங்க ஊர்ல ஒரு வூட்ல பொணம் கெடந்தா எல்லா வூட்டு அடுப்பையும் அவிச்சிடுவோம். புள்ளைங்கதான் தாங்கல. பரவால்ல, அவ போய் மண்ணு தள்ளுனதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க சார், அதுவரைக்கும் நாங்க இருந்துக்கறோம்."