பழைய தழும்பு

"மூளையில தேங்கியிருக்கிற தண்ணிய ஒரு டியூப் வழியா வயித்துக்குள்ள இறக்கிடுவோம்மா," என்றார் டாக்டர் பவனேஷ். "அந்த டியூப்ப வயித்தக் கொஞ்சம் கீறி வைக்கலாம். இல்லன்னா சின்னத் துளை போட்டு, கேமராவுல பார்த்தே வைக்கலாம். முன்னாடி வயித்துல ஏதாச்சும் ஆபரேஷன் செஞ்சிருக்கா?"

"இல்ல," என்றார் விஜயராணி.

புக்கிட் ரோத்தானிலிருந்து அவரைக் காரில் அழைத்து வந்திருந்த சேது தயங்கிச் சொன்னார். "ரெண்டாவது பிள்ளைய வயித்தக் கீறித்தான் எடுத்தாங்க, டாக்டர்."

விஜயராணி முகம் சுளித்தார். "கார் ஓட்டுறவருக்கு இதெல்லாம் எதுக்கு? கொஞ்சம் வெளிய இருங்கலா, அண்ணே."

சேது எழுந்து போனார்.

தாதி விஜயராணியை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றதும் டாக்டர் வெளியே வந்தார்.

"நல்லவேளை சொன்னீங்க. பழைய தழும்பு இருந்தா உள்ள குடல் ஒட்டியிருக்கலாம். கேமராவுல பார்த்துச் செய்யறதுதான் நல்லது. தண்ணி இறங்கினா அவங்க நடை சீக்கிரம் சரியாகும். ஞாபகம் எவ்வளவு திரும்பும்னுதான் உறுதியா சொல்ல முடியல."

சேது சம்மதப் படிவத்தை வாங்கி, உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"நடக்க முடியலன்னா நான் தாங்கிப் பிடிச்சுக்குவேன், டாக்டர். என்னை அண்ணேன்னு கூப்பிடறது நின்னா போதும்."