என் வண்டி உங்களுக்கு

"வந்த கிளட்ச் பிளேட் உங்க வண்டிக்கு உள்ளது இல்லம்மா. மாடல் மாத்தி ஆர்டர் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்," என்றார் மெக்கானிக்.

மாலை ஆறு மணி. மறுநாள் காலை ஒன்பதுக்கு அவளுக்குத் தேர்வு.

மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக உதவியாளர். தேறினால்தான் மருந்தாளர் உரிமம். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இது மூன்றாவது. இதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

மருந்தாளர், மின்பணியாளர், நில அளவையர் என்று உரிமம் கேட்கிற அத்தனை பேருக்கும் வருஷத்தில் ஒரே நாள், நகரத்தில் ஒரே கட்டடம். எழுபது கிலோமீட்டர். ஒன்பது அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அழுதாலும் திறக்கமாட்டார்கள்.

அவளுடைய காரோ ஷெட்டில் வயிற்றைத் திறந்து போட்டபடி நின்றது.

மேஜையில் ஒரு தடிப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. பக்கமெல்லாம் கிரீஸ் விரல். நாலு நாளாக எப்போது வந்து விசாரித்தாலும் இந்த ஆள் அதற்குள்தான் தலையை விட்டிருந்தார்.

"கதைப் புத்தகம் படிச்சுக்கிட்டே வேலை பாத்தா மாடல் மாறாம என்ன ஆகும்?"

அவர் புத்தகத்தை இழுப்பறைக்குள் தள்ளினார். பிறகு மெதுவாக, ஆறே முக்காலுக்கு முதல் பஸ் இருக்கிறதே என்று இழுத்தார்.

"அது என்னிக்கு நேரத்துக்குப் போயிருக்கு? நீங்க வேணா அதுல போய்ப் பாருங்க."

சொன்ன கையோடு சுவரைக் காட்டினாள். அவரே எழுதி மாட்டிய பலகை: 'சொன்ன நேரத்துக்கு உங்கள் வண்டி தயாராகாவிட்டால், என் வண்டி உங்களுக்கு.' அதை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் இவரிடம் வந்தார்கள். அவளும்தான்.

"இது சும்மா அழகுக்கா மாட்டியிருக்கு? அப்படின்னா கழட்டிப் போடுங்க."

அவர் பலகையைப் பார்த்தார். வெளியே நின்ற தன் பழைய வேனைப் பார்த்தார்.

"அதுக்கில்லம்மா. நாளைக்கு நானும்..."

"உங்க கதையெல்லாம் எனக்கு வேணாம். நான் போய்ப் படிக்கணும். சாவியக் குடுங்க."

குடுத்தார். நன்றி கின்றி ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

காலையில் வேன் தகராறு பண்ணாமல் ஓடியது. பக்கத்து இருக்கையில் புத்தகப் பை. முதல் வளைவிலேயே அது சரிந்து விழுந்தது. ஓரங்கட்டி, பைக்கு பெல்ட்டை மாட்டிவிட்டு, மருந்தளவுகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள்.

பாதி வழியில் அந்த முதல் பஸ் சாலையோரம் நின்றது. ஆட்களெல்லாம் கீழே இறங்கி நின்றார்கள். நினைத்தேன், என்று சொல்லிக்கொண்டாள். கும்பலிலிருந்து யாரோ சாலைக்கே வந்து இரண்டு கையையும் ஆட்டினார்கள். இருக்கிற பதற்றத்தில் இவளா நிறுத்துவாள்? இன்னும் அழுத்தினாள்.

எட்டு நாற்பதுக்கு வேனை நிறுத்திவிட்டு, பையை அதிலேயே விட்டுவிட்டு, பேனாவும் நுழைவுச் சீட்டுமாக உள்ளே ஓடினாள்.

மூன்று மணி நேரம். படித்ததுதான் வந்திருந்தது. இந்தத் தடவை தேறிவிடுவாள். அது அவளுக்கே தெரிந்தது.

வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார்.

சுர்ரென்று ஏறியது. ஒரு நாள் பொறுக்கவில்லையா? வேனைத் தேடி இங்கேயே வந்துவிட்டாரா? நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நேரே அவரிடம் போனாள்.

"உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகல. இந்தாங்க சாவி."

அவர் எழுந்து வாங்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை. அக்குளில் அந்தத் தடிப் புத்தகம். அட்டையை இப்போதுதான் அவள் பார்த்தாள். வாகனத் தகுதி ஆய்வாளர் உரிமத் தேர்வு வழிகாட்டி. நடுவிலிருந்து நுழைவுச் சீட்டு எட்டிப் பார்த்தது.

"ஒன்பது அஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்," என்றார் அவர். "நீங்க நல்லா எழுதினீங்களா?"

அவள் திரும்பிக் கேட்டைப் பார்த்தாள்.

"வழியில கை காட்டினது..."

"விடுங்கம்மா. அந்தப் பலகைய எழுதினவன் நான்தானே. வாங்க, ஊருக்குத்தானே போறீங்க? எடம் இருக்கு."

வேனின் பக்கத்துக் கதவை அவளுக்குத் திறந்துவிட்டார்.

அந்த இருக்கையில், எழுபது கிலோமீட்டரும் பெல்ட் போட்டுக்கொண்டு சொகுசாக வந்த அவளுடைய பை உட்கார்ந்திருந்தது.