ஏழு வெற்றிலை தூரம்

சர்வேயர் பொன்னுத்துரை வழியிலிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"என்னம்மா, பாதைன்னு சொல்லிட்டு முள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போறீங்க. இங்க ஆடு நடந்த தடம்கூட இல்லையே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இருபது வருடமாக ஆள் நடக்காத மலையில் ஜமுக்காளமா விரித்திருக்கும்?

மனு என்னுடையது. சிறுமலையில் எங்கள் ஊரில் நாற்பது வீடு. டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். இந்த வருடம், 98 ஜூனில், டிகிரி முடித்த கையோடு நானே உட்கார்ந்து எழுதினேன்.

"எங்கள் ஊரில் முதல் பஸ் காலை ஒன்பதுக்கு. ரோடு மலையைச் சுற்றி இறங்குவதால், பதினொரு மணிக்கு முன்னால் எங்கள் ஊர்க்காரர் யாரும் அடிவாரத்தை எட்ட முடியாது. பழைய நடைபாதையைத் திறந்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விடலாம்."

தாலுகா ஆபீஸிலிருந்து பதில் நாலே வரியில் வந்தது. வரைபடத்தில் அப்படி ஒரு பாதை கிடையாது. இருந்தால் நேரில் வரும் சர்வேயரிடம் தடயம் காட்டவும். காட்டாவிட்டால் மனு தள்ளுபடி.

இன்றுதான் அந்த நாள்.

விடிந்ததிலிருந்து தேடுகிறேன். வெட்டிய படி, எண் போட்ட கல், இடிந்த கைப்பிடிச் சுவர், எதுவும் இல்லை. எங்கு பார்த்தாலும் உன்னிச்செடி.

அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். கல்யாணமான புதிதில் வாழைத்தார் சுமந்து இந்த வழியாக இறங்கியவள். வழி அவள் காலுக்குத் தெரியும். ஆனால் கால் சொல்வதை ஃபைலில் ஒட்ட முடியாது.

அவள் மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்று சுற்றிலும் பார்த்து நோட்டில் எழுதினேன். மூன்று வரிதான் ஏறியிருந்தது. பாறை, பறவை எச்சம். பாறை, பறவை எச்சம். பாறை, பறவை எச்சம்.

சர்வேயர் உட்கார்ந்திருக்கும் இந்தப் பாறை நான்காவது. இதிலும் அதே எச்சம்.

வாயே திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மாவைக் கூட்டி வந்திருந்தேன். கேட்டால்தானே? கிளம்பும்போது சர்வேயர், எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்டார். "ஏழு வெத்திலை" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். ஏழு தடவை உட்கார்ந்து வெற்றிலை போட்டால் அடிவாரம் வந்துவிடும் என்பது அந்தக் காலத்துச் சுமைக்காரப் பெண்களின் பேச்சு. எனக்கு மானம் போனது. "ஆறு கிலோமீட்டர் சார்" என்று நானே சொன்னேன். அம்மாவின் இடுப்பிலிருந்த சுருக்குப் பையையும் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சிவந்த வாயோடு நிற்கிறவளின் ஊருக்கு எவன் பாதை கொடுப்பான்?

இப்போது சர்வேயரே சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"போடுறீங்களா பெரியம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாங்கிவிட்டாள். பாறையில் சாய்ந்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, மடித்து வாய்க்குள் வைத்தாள். எந்த நேரம் திட்டுவேனோ என்று கண் என்மேலேயே இருந்தது.

விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் துடைக்க அவள் கை பின்னால் போனது.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் நேராகப் போய் அந்தப் பறவை எச்சத்தின்மேல் பதிந்தது.

நான் குனிந்து நகத்தால் சுரண்டினேன்.

எச்சம் இல்லை. சுண்ணாம்பு. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, கல்லோடு கல்லாக இறுகிப்போன, எத்தனையோ பெண்களின் விரல் சுண்ணாம்பு.

"சார், ஷூவை மாட்டுங்க. மேலே மூணு பார்த்துட்டோம். இது நாலு. கீழே இன்னும் மூணு இருக்கணும்."

இருந்தன.

ஐந்தாவதை நான் கண்டுபிடித்தேன். ஆறாவதைச் சர்வேயரே செடியை விலக்கிக் கண்டுபிடித்து, "இந்தா இருக்கு!" என்று கூவினார்.

ஏழாவது, மலை முடியும் இடத்தில், குடை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பாறை. அதற்கு அப்பால் தென்னந்தோப்பும் காந்திகிராமத்துக் கட்டடங்களும் தெரிந்தன.

சர்வேயர் தொட்டுப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"மழை படாத இடம், அதான் நிக்குது. ஆனா இது பழசு இல்லம்மா. ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. இப்பவும் ஆள் நடக்குற பாதைன்னா உங்க மனு நிக்கும். யாரு நடந்ததுன்னு ஒரு பேர் மட்டும் வேணும்."

"எவளோ கூறு கெட்டவ" என்றாள் அம்மா, அவசரமாக.

நான் காந்திகிராமத்தில் ஹாஸ்டலில் தங்கித்தான் படித்தேன். மூன்று வருடம், இந்த ஏப்ரல் வரை. சனிக்கிழமை தவறாமல் அம்மா தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்போடு வாசலில் வந்து நிற்பாள். காலெல்லாம் முள் கீறியிருக்கும். இந்தக் காலோடும் இந்த வாயோடும் இங்கே வராதே என்று, என் கூடப் படிக்கிறவர்கள் கேட்கவே திட்டியிருக்கிறேன். முதல் பஸ்ஸில் வந்தேன் என்பாள்.

அதைச் சொல்லும்போது மணி காலை எட்டு.

சுருக்குப் பையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"எழுதிக்கோங்க சார். செபஸ்தியம்மாள். எங்க அம்மா."

அவர் பேனாவைத் திறந்தார்.

அம்மா தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"தூரத்தையும் சரியா எழுதச் சொல்லுத்தா. ஏழு வெத்திலை."