அழகேசனின் வயிற்றுவலி

"மேடம், வயிறு பிசையுது. திரும்பிடலாமா?" என்றான் அழகேசன், ஏரிக்கரையில் ஜீப்பை விட்டு இறங்காமலே.

ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் தலைவலி. அதற்கு முந்தின வாரம் மச்சினிக்கு வளைகாப்பு.

ஏரிகளின் நலத்தைக் கணக்கெடுக்க அரியலூருக்கு வந்திருந்த இருவரும் ஒரே பதவிக்காரர்கள். இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் மதிப்பெண் செல்லும். தா.பழூர் பக்கம் ஆற்றுத் தண்ணீர் பாயும் ஏரிகள் முடிந்துவிட்டன. ஜெயங்கொண்டத்தை அடுத்த, மழையை மட்டுமே நம்பிய இந்த ஏரிதான் பாக்கி.

வைகாசி வெயிலில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆடுகள் மேய்ந்தன.

மதிப்பெண் போடும் முறையோ கடலோரக் காயல்களுக்காகச் செய்தது. தண்ணீர் இல்லையா, பூஜ்யம். மீன் இல்லையா, பூஜ்யம். ஆடு மேய்கிறதா, அதற்குத் தனிக் கழிவு. தேறாவிட்டால் 'செத்த ஏரி'. அந்த அறிவிப்பு வந்தால் போதும், பிளாட் போட ஒரு கும்பல் கயிறோடு காத்திருந்தது.

இந்த ஊருக்குத் தகுந்த மாதிரி முறையை மாற்றலாமா என்று ஹேமலதாவே சென்னைக்கு போன் போட்டுக் கேட்டாள். ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது, வருஷக் கடைசிக்குள் முடியுங்கள் என்றார்கள்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, அழகேசன். கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வயிறுன்னும் ஒண்ணு இருக்குல்லங்க?"

ஆனியில் ஜீப் பஞ்சர். ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்றான். ஆவணியில் ஒரு கல்யாண விருந்தையும் விடவில்லை. புரட்டாசியில் விரதம், வெயிலில் நின்றால் மயக்கம் வருமாம்.

ஏரிக்கரை டீக்கடை ராசாங்கம்கூட ஒருநாள் ஹேமலதாவிடம் கேட்டுவிட்டார். "வயித்துவலி சாருக்கு இது எத்தனாவது மாசம்ங்க?"

அவமானத்தில் முகம் சிவந்தது அவளுக்கு. அவனை மாற்றச் சொல்லி மேலிடத்துக்குப் புகார் எழுதி முடித்தாள். அனுப்புவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரையே நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

மழை வெறித்த காலையில், கூப்பிடாமலே ஜீப்போடு வந்து அவள் வாசலில் நின்றான் அழகேசன்.

கரை முட்டத் தண்ணீர். ஓரத்தில் மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. நாரைகள் இறங்கியிருந்தன. ஆடு மேய இடமே இல்லை. ஏரி முதல் வகுப்பில் தேறியது.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவனையே உற்றுப் பார்த்தாள் ஹேமலதா. "இது ஏமாத்து வேலை இல்லையா? முறையை மாத்தக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"முறையில ஒரு எழுத்தையாவது தொட்டேனா மேடம்? மாசத்தத்தானே மாத்துனேன்."