முடுக்குப் பக்கத்துச் சுவர்

ஒலி முகம்மது சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார்.

மங்களேஸ்வரி கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சுவர் முழுசு என்று அவர் எழுதிவிட்டால் வீடு நிற்கும். ஒட்டுப் போட்டது என்று எழுதினால் ஆடி முடிவதற்குள் கொழுந்தன் கடப்பாரையோடு வந்துவிடுவார்.

ஒலி முகம்மது மதராஸிலிருந்து வந்த சர்க்கார் ஆள். தென்காசிக் கோயிலை ஒட்டிய தெருக்களில் பழைய வீடுகளை அளந்து, இடிக்காமல் காப்பாற்ற வேண்டியவை எவை என்று பட்டியல் போடுவது அவர் வேலை. முன்கட்டின் தேக்குத் தூண்களையும் வானவெளி முற்றத்தின் கல்பாவிய தரையையும் காலையிலேயே குறித்துக்கொண்டார். பாக்கி இந்தப் படுக்கை அறைச் சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம் ஆள் ஒருச்சாய்ந்து நடக்கிற முடுக்கு.

அவருக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். ஆகவே இந்தத் தெருவின் வழக்கம் தெரியும். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் அடைப்பு. பிணத்தைத் தலைவாசல் வழியே கொண்டுபோகக் கூடாது. படுத்திருந்த அறையின் சுவரை உடைத்து முடுக்கு வழியாகத்தான் எடுக்க வேண்டும். பிறகு கொத்தனார் வந்து பொத்தலை அடைப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் வேறு எங்காவது போய் இருக்க வேண்டும்.

கொத்தனார் என்னதான் மெழுகிப் பூசினாலும் ஒலி முகம்மதுவை ஏய்க்க முடியாது. பழைய செங்கல் தட்டை, புதுசு தடிமன். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த பழைய காரையைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஒட்டுப்போட்ட இடம் பொத்தென்று சொல்லிவிடும். இதுவரை ஒன்பது வீடு பார்த்தாயிற்று. எந்த வீட்டில் எத்தனை பேர் நாள் கெட்டுச் செத்தார்கள் என்பது இப்போது வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கொழுந்தன் சிவனணைந்தபெருமாள் அவர் பின்னாலேயே நடந்தார். குற்றாலத்துச் சீசன் கூட்டத்துக்கு இந்த இடத்தில் ஒரு லாட்ஜ் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷ ஆசை. அண்ணன் குத்தாலிங்கம் இருந்தவரை அந்தப் பேச்சு எடுபடவில்லை.

"இருநூறு வருஷச் சுவராக்கும். எங்கனயாவது ஒரு பொத்தல் இருக்கும். நல்லாப் பாருங்க சார்" என்றார்.

சார் நல்லாத்தான் பார்த்தார். தரையோடு உட்கார்ந்து கத்தி முனையால் சுரண்டினார். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை ஏடு ஏடாக உரிந்து வந்தது. கீழே தட்டைச் செங்கல். நாலு முழம் தள்ளி இன்னொரு இடத்தில் சுரண்டினார். அங்கேயும் அதேதான்.

எழுந்து கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"சுவர் முழுசு. தெருவுலயே இந்த ஒரு வீடுதாம்மா. எழுதிட்டேன், இனி யாரும் தொட முடியாது."

கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார். குடையைக்கூட எடுக்கவில்லை.

மங்களேஸ்வரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரட்டும் என்று சற்று நேரம் நின்றாள். வீடு நின்றுவிட்டது, வீடு நின்றுவிட்டது என்று மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மரத்துப்போன காலைக் கிள்ளுவது போலத்தான் இருந்தது.

"கொடுத்துவச்ச வீடும்மா. ஒருத்தர்கூட அடைப்புல போகலையே?" என்றார் ஒலி முகம்மது.

"இல்லை" என்றாள்.

அவள் புருஷன் குத்தாலிங்கம் இறந்தது அறுபத்திரண்டு ஐப்பசியில். ஒன்பது மாதம் ஆகிறது. கடைசி வாரம் முழுக்கப் பஞ்சாங்கத்தைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். நாள் கெட்டு அண்ணன் போனால், சுவரை உடைக்கிற கையோடு மொத்த வீட்டையும் இறக்கிவிடலாம் என்று தம்பி கொத்தனாரிடம் பேசிவைத்தது அவர் காதுக்கு வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பதினொன்னு இருவதுக்கு ரேவதி போயிரும். அதுவரைக்கும் இருந்துருதேன். நீ பயப்படாத" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விட்டார்.

மங்களேஸ்வரி அவருடைய கண்ணையும் வாயையும் மூடினாள். கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள். பால்காரர் வந்தபோது போய்ப் பால் வாங்கினாள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, வெளியே கேட்கும்படி, "ஒரு வாய் குடிச்சிருங்க" என்றாள்.

எட்டு மணிக்குக் கொழுந்தன் வந்து அறை வாசலில் நின்றார். அவள் வெந்நீரில் துணியை நனைத்து, போர்வைக்குள் கைவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தால் சூடு இருக்க வேண்டுமே.

"இப்பத்தான் கண்ணசந்தாவ. எழுப்பாண்டாம் தம்பி."

அவர் போன பிறகும் ஒத்தடத்தை நிறுத்தவில்லை. விறைக்கத் தொடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பிக் கிளம்பி வந்தது. ஒரு விம்மல் வெளியே கேட்டால் தெருவே கூடிவிடும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். ஒன்பது மணிக்கு வந்தது, விழுங்கினாள். பத்து மணிக்கும் வந்தது.

பதினொன்றரைக்கு எழுந்து தலைவாசல் கதவை விரியத் திறந்தாள். ரேவதி போய்விட்டது. இனி யாருக்கும் பயப்பட வேண்டாம், தெரு முழுக்கக் கேட்கும்படி அழலாம்.

வாயைத் திறந்தாள்.

திறந்த வாயோடு அப்படியே நின்றவளைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு உலகம்மைதான் ஓடிவந்து முதல் அழுகையை அழுதாள்.